பண்டாரநாயக்கவைக் கொன்றது யார், எதற்காக? களுவாஞ்சிக்குடித் தம்பியின் கேள்விக்கு ஒரு பதில்

களுவாஞ்சிக்குடியில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "பண்டா-செல்வா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதற்காகத்தான் பண்டாரநாயக்கவைப் பிக்கு சுட்டார் என்று அம்மப்பா சொல்கிறார். டியூசன் சேர் அது அமெரிக்காவின் வேலை என்கிறார். கத்தோலிக்கச் சதி என்றும் ஒருவர் சொன்னார். எதை நம்புவது? சோமராமவை மட்டும் தூக்கில் போட்டுவிட்டு மற்ற இருவரை ஏன் விட்டார்கள்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது சதிதான். நீதிமன்றத்தில் சாட்சிகளை வைத்து நிரூபிக்கப்பட்ட சதி. ஆனால் அங்கே வெளிவந்த காரணம், பிராந்திய சபைகள் அமைப்பது பற்றிப் பிரதமர் பண்டாரநாயக்க தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தமும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. காசு, கொந்தராத்து, கைநழுவிப்போன செல்வாக்கு, அவ்வளவுதான். அம்மப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கத்திலும் இரண்டு தலைமுறைகளாக வாய்வழி வரும் கதை அதுதான் என்பதால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

சரி, நடந்ததைப் பார்ப்போம். 1959 செப்டெம்பர் 25, வெள்ளிக்கிழமை காலை. பிரதமராக இருந்தபோதும் பண்டாரநாயக்க கொழும்பு றோஸ்மீட் பிளேசில் இருந்த தன் சொந்த வீட்டில்தான் குடியிருந்தார். காலையில் யாரும் போய் விறாந்தையில் காத்திருந்து குறை சொல்லலாம். காவலுக்கு இருந்தவர்களும் மிகக் குறைவு. அன்று அமெரிக்கத் தூதுவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு பிரதமர் விறாந்தைக்கு வந்தார். அங்கே இருந்தவர்களில் தல்துவே சோமராம என்ற பிக்குவும் ஒருவர். பொரளையில் இருந்த ஆயுர்வேதக் கல்லூரியில் கண் வைத்தியம் கற்பித்தவர். கல்லூரியின் குறைகளைச் சொல்ல வந்ததாகத்தான் அவரை உள்ளே விட்டிருந்தார்கள். பௌத்த வழக்கப்படி பிரதமர் குனிந்து அவரை வணங்கினார். பேசி முடித்து நிமிரும் நேரத்தில் சோமராம காவிக்குள்ளிருந்து ரிவால்வரை எடுத்துச் சுட்டார். காயத்தோடு வீட்டுக்குள் ஓடிய பிரதமரைத் துரத்திப் போயும் சுட்டார். காவலுக்கு நின்றவர் சோமராமவைச் சுட்டுக் காயப்படுத்திய பிறகுதான் அவரைப் பிடிக்க முடிந்தது.

பெரியாஸ்பத்திரியில் பல மணி நேரம் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டிலில் கிடந்தபடியே பண்டாரநாயக்க மக்களுக்கு ஒரு செய்தி விட்டார். தன்னைச் சுட்டவர் மீது இரக்கம் காட்டும்படியும் அமைதியாக இருக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் 26ஆம் திகதி காலை இறந்துபோனார்.

சுட்டவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். ஆகவே 'யார் சுட்டது' என்பதில் மர்மம் எதுவும் இருக்கவில்லை. யார் அனுப்பியது என்பதுதான் கேள்வியாக இருந்தது. விசாரணை போய் நின்ற இடம் களனி ரஜமகா விகாரை. அதன் விகாராதிபதி மாபிடிகம புத்தரக்கித்த. இவரைச் சாதாரண பிக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவை ஆட்சிக்குக் கொண்டுவர ஊர் ஊராக உழைத்த எக்சத் பிக்கு பெரமுன என்ற பிக்குகள் அமைப்பின் செயலாளர் இவர். தேர்தலுக்குக் காசை வாரி இறைத்தவர். அமைச்சரவையில் இருந்த சுகாதார அமைச்சர் விமலா விஜேவர்தன இவருக்கு மிக நெருக்கம். அந்த நெருக்கத்தைக் கிண்டல் செய்து துண்டுப்பிரசுரங்களே கொழும்பில் உலாவின.

வென்ற பிறகு அவர் கைம்மாறு எதிர்பார்த்தார். எச்.பி. ஜயவர்தன என்ற வியாபாரியோடு சேர்ந்து ஒரு கப்பல் கம்பனி தொடங்கி, அரசாங்கத்துக்கு அரிசி ஏற்றிவரும் ஒப்பந்தத்தைக் கேட்டார். கிடைக்கவில்லை. சீனித் தொழிற்சாலை ஒன்றுக்கான முயற்சியும் சரிவரவில்லை. நான்தான் இந்த ஆளைப் பிரதமராக்கினேன், இப்போது என்னையே மதிக்கிறாரில்லை என்ற கோபம் உள்ளே புகைந்துகொண்டிருந்தது. அரச தரப்பு நீதிமன்றத்தில் வைத்த காரணம் இதுதான். சோமராமவுக்கு இந்த வியாபாரத்தில் ஒரு சதமும் பங்கில்லை. நாட்டுக்காகவும் இனத்துக்காகவும் மதத்துக்காகவும் செய்ய வேண்டிய காரியம் என்று சொல்லி அவரை இறக்கினார்கள் என்பதே வழக்கு.

உயர்நீதிமன்ற விசாரணை 1961 பெப்ரவரி 22இல் நீதியரசர் ரி.எஸ். பெர்னாண்டோ முன் ஜூரிகளோடு தொடங்கி மே 12இல் முடிந்தது. குற்றம் சாட்டப்பட்ட எதிரிகள் ஐந்து பேர்: புத்தரக்கித்த, ஜயவர்தன, அனுர டி சில்வா, சோமராம, பொலிஸ் இன்ஸ்பெக்டர் நியூட்டன் பெரேரா. அனுர டி சில்வாவும் நியூட்டன் பெரேராவும் விடுதலையானார்கள். மற்ற மூவருக்கும் மரண தண்டனை.

இனி அம்மப்பாவின் கதைக்கு வருவோம். இப்படியான கதை எதைக் கேட்டாலும் நான் முதலில் செய்வது திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்பது. தம்பியும் எழுதிப் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1957 ஜூலை 26. அதை எதிர்த்து ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்கு நடைபயணம் கிளம்பியது அதே ஆண்டு ஒக்டோபர். பிக்குகள் திரண்டுபோய் பிரதமரின் வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து ஒப்பந்தத்தைக் கிழித்தெறிய வைத்தது 1958 ஏப்ரல் 9. கொலை நடந்தது 1959 செப்டெம்பர் 25. கிழித்து ஒன்றரை வருடம் ஆகப்போகிற நேரம். உயிரோடு இல்லாத ஒப்பந்தத்துக்காக அவ்வளவு காலம் காத்திருந்து கொன்றார்கள் என்பது எனக்குப் பொருந்தவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1959இல் ஆட்சிக்குள் நடந்த சண்டை தமிழர் பிரச்சினை பற்றியதே இல்லை. விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தனவின் இடதுசாரிக் கொள்கைகளை அமைச்சரவையின் வலதுசாரி அணி எதிர்த்தது. 1959 மே மாதம் பிலிப் வெளியே போனார். புத்தரக்கித்த இருந்தது அந்த வலதுசாரி அணியோடு. அதாவது கொள்கைச் சண்டையில் அவருடைய பக்கம் வென்றிருந்த நேரம் அது. அப்படியிருந்தும் பிரதமர் அவருடைய கைக்குள் வரவில்லை.

அப்படியென்றால் நம் ஊர்களில் இந்தக் கதை எப்படி இவ்வளவு ஊன்றி நிற்கிறது? எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். ஒப்பந்தம் கிழிபட்டதும் பிரதமர் சுடப்பட்டதும் ஒரே வீட்டில். றோஸ்மீட் பிளேசில் அந்த முற்றத்தில் பிக்குகள் குந்தியிருந்தார்கள். மறுகா அதே வீட்டு விறாந்தையில் ஒரு பிக்கு துவக்கை நீட்டினார். பத்திரிகையில் படித்தும் வானொலியில் கேட்டும், ஒருவர் வாயால் இன்னொருவர் கேட்டும் மனதில் பதித்துக்கொண்டவர்களுக்கு இடையில் இருந்த பதினேழு மாதம் மறைந்துபோய்விட்டது. அதோடு, தமிழருக்கு ஏதோ கொடுக்க வந்தவரைக் கொன்றுவிட்டார்கள் என்று நினைப்பதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்பதை அந்த ஆறுதல் மறக்கடித்துவிடுகிறது. 1956 ஜூனில் அந்தச் சட்டம் பாராளுமன்றத்தில் இருந்த நாட்களில்தான் அம்பாறைப் பக்கத்துக் குடியேற்றப் பகுதியான கல்லோயாவில் தமிழர்கள் வெட்டப்பட்டார்கள். இதை அம்பாறைப் பக்கத்துக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா.

ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தையும் நம்மவர்கள் சரியாகச் சொல்வதில்லை. அது நிறைவேறியிருந்தால் வடக்கும் கிழக்கும் உடனே ஒன்றாகியிருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தில் இருந்தது வேறு. வட மாகாணம் ஒரே பிராந்தியமாக இருக்கும். கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிராந்தியங்களாகப் பிரிக்கப்படும். மாகாண எல்லை தாண்டியும் பிராந்திய சபைகள் தாங்களாக விரும்பினால் பாராளுமன்ற ஒப்புதலோடு இணைந்துகொள்ளலாம். குடியேற்றத் திட்டங்களில் காணி யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிராந்திய சபைகளே தெரிவு செய்யலாம். நம் மாவட்டத்துக்கு இதுதான் உயிர்நாடியான வரி. ஆனால் கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் இருந்த பகுதி பற்றி மேலும் யோசிக்க வேண்டும் என்று அங்கேயே ஒரு முடிச்சும் போட்டிருந்தார்கள். அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் அம்பாறை இருந்தது. 1961இல்தான் தனி மாவட்டமானது. அதாவது அன்றைய நம் மாவட்டத்திலேயே பெரிய குடியேற்றம் நடந்த இடத்தின் கதியை ஒப்பந்தம் முடிவு செய்யவில்லை. பரீட்சையில் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டால் இந்த இரண்டு விடயங்களையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடுகிறார்கள்.

அம்மப்பா சொன்னதில் எந்தப் பாதி உண்மை என்கிறீர்களா? ஒப்பந்தத்தைக் கிழிக்க வைத்ததும், ஒரு விகாராதிபதியைப் பிரதமரோடு கொந்தராத்துப் பேசும் அளவுக்கு உயர்த்தியதும் ஒரே அரசியல்தான். 1956இல் வாக்குக்காகப் பிக்குகளை மேடைக்குக் கொண்டுவந்தவர் பண்டாரநாயக்க. ஒரு முற்றத்தில் இருந்தபடி பிரதமரின் முடிவையே மாற்றலாம் என்பதை 1958இல் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவரே. புத்தரக்கித்த போன்ற ஒருவர் தன்னால் எதுவும் முடியும் என்று நம்பியது அந்தச் சூழலில்தான். அந்த அளவுக்கு அம்மப்பாவின் கதையோடு நான் உடன்படுகிறேன். ஆனால் 'ஒப்பந்தத்துக்காகக் கொன்றார்கள்' என்று எழுதினால் அது வரலாற்றுப் பிழை.

நம் மாவட்டத்தோடு சம்பந்தப்பட்ட இன்னொரு கதையையும் சொல்லாமல் போக முடியாது. 1958 மே மாதக் கலவரம் எப்படித் தொடங்கியது என்பதைப் பற்றிப் பண்டாரநாயக்கவே நாட்டுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். மே 26ஆம் திகதி வானொலியில் பேசியபோது, மட்டக்களப்பு மாவட்டத்தில் நடந்த சில சம்பவங்களில் நுவரெலியாவின் முன்னாள் மேயர் செனவிரத்ன உட்படச் சிலர் இறந்ததாகவும், அதன் விளைவாகத்தான் பொலன்னறுவை முதல் கொழும்பு வரை வன்முறை பரவியதாகவும் சொன்னார். இப்போது திகதிகளை எழுதுங்கள். தமிழரசுக் கட்சியின் வவுனியா மாநாட்டுக்குப் போகிறவர்கள் வருகிறார்கள் என்று மட்டக்களப்பு ரயிலைக் குறிவைத்துப் பொலன்னறுவை நிலையத்தில் கும்பல் தாக்கியது மே 22. ஏறாவூருக்குப் பக்கத்தில் ரயில் தடம் புரட்டப்பட்டது மே 23. செனவிரத்ன கொல்லப்பட்டது மே 25. மூன்று நாள் பிந்தி நடந்த கொலை முந்தி நடந்த தாக்குதலுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது! பிரதமரின் வாயால் வானொலியில் வந்ததை நாடு முழுக்க நம்பியது. மட்டக்களப்பான்தான் தொடங்கினான் என்ற பெயர் நம் தலையில் விழுந்தது. அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் கொழும்பிலும் தெற்கிலும் அடுத்த நாட்களில் என்ன செய்தார்கள் என்பதை அங்கிருந்து அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கதையில் எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்கச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். இது எனக்கு வெறும் பரீட்சை விடயமாக இல்லை.

அமெரிக்கக் கதைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை தூதுவர் வந்துபோனது, 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் பிரித்தானியரிடமிருந்து மீட்டது, பஸ்களையும் துறைமுகத்தையும் அரசுடைமையாக்கியது, சீனாவோடும் சோவியத்தோடும் உறவு வைத்தது, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய கதை அது. புத்தரக்கித்தவையோ சோமராமவையோ எந்த வெளிநாட்டோடும் இணைக்கும் ஒரு சாட்சியமும் வழக்கில் வரவில்லை. 'யாருக்கு லாபம்?' என்று கேட்டாலும் அமெரிக்காவுக்கு லாபமில்லை. 1960 ஜூலையில் பண்டாரநாயக்கவின் மனைவி சிறிமாவோ பிரதமராக வந்தார். எண்ணெய்க் கம்பனிகளின் சொத்தில் கைவைத்தார். 1963இல் அமெரிக்கா உதவியையே நிறுத்தியது. டியூசன் சேரிடம் மரியாதையாக இதைக் கேளுங்கள்.

கத்தோலிக்கச் சதி என்பது பின்னால் ஒட்டவைத்தது. தூக்குக்குப் போவதற்குச் சற்று முன்னர் சோமராம கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். அதைப் பிடித்துக்கொண்டு, முதலிலேயே கிறிஸ்தவர்களின் ஆளாகத்தான் இருந்தார் என்று கதை கட்டினார்கள். 1960-61இல் பாடசாலைகளை அரசு எடுத்ததில் திருச்சபையோடு மூண்ட பகையும், 1962 ஜனவரியில் பிடிபட்ட இராணுவச் சதியில் கிறிஸ்தவ அதிகாரிகள் பலர் இருந்ததும் அதற்கு எண்ணெய் ஊற்றின. இவை எல்லாமே கொலைக்குப் பிந்தியவை. மரணத்தை எதிர்நோக்கி இருந்த ஒரு கைதியின் மன மாற்றத்தை மூன்று வருடம் முன்னால் நடந்த குற்றத்துக்குச் சாட்சியாக்க முடியாது. தவிர, கொலையை ஏவியவராகத் தண்டிக்கப்பட்டவர் களனி விகாரையின் தலைவர். அந்த உண்மையைத் தாங்க முடியாதவர்களுக்கு இந்தக் கதை வசதியாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

இவ்வளவையும் சொன்னதால் எல்லாச் சந்தேகமும் மடத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில சந்தேகங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. சோமராம நீதவானிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தார்; பிறகு வழக்கில், தான் சுடவில்லை என்று அதை மறுத்தார். விமலா விஜேவர்தன பதவி பறிக்கப்பட்டுக் கைதானார். ஆனால் நீதவான் நீதிமன்றத்திலேயே விடுவிக்கப்பட்டார், ஜூரிகள் முன் போகவே இல்லை. நிதியமைச்சராக இருந்த ஸ்டான்லி டி சொய்சாவின் சகோதரர் ஒருவர் கைதாகி விடுவிக்கப்பட்டார். இன்னொரு சகோதரர் பொலிசில் உயர் அதிகாரி. எதிரிக் கூட்டில் நின்றவர்களில் ஒருவர் பொலிஸ் இன்ஸ்பெக்டர். இப்படி இருந்தால் சனம் கதைக்கத்தான் செய்யும்.

ஆனால் குற்றவியல் நீதிமன்றம் தன் முன் நிறுத்தப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்பதைத்தான் பார்க்கும். நிறுத்தப்படாதவர்களைப் பற்றித் தேடிப்போவது அதன் வேலை இல்லை. அரசியல் பின்னணியைப் பார்க்கவென்று சிறிமாவோ அரசாங்கம் 1963இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. எகிப்திலிருந்து ஒரு நீதிபதி, கானாவிலிருந்து ஒருவர், இலங்கைத் தரப்பில் ரி.எஸ். பெர்னாண்டோ. அறிக்கை 1965இல் வெளிவந்தது. வெளிநாட்டு நீதிபதிகளை அழைத்தது நல்ல காரியம். ஆனால் வழக்கை விசாரித்த அதே நீதியரசரை அதில் அமர்த்தியது சரியென்று எனக்குப் படவில்லை. அவருடைய நேர்மையைச் சொல்லவில்லை. நாலு வருடம் பிந்தி, முன்னரே ஒரு முடிவைப் பார்த்த கண்ணோடு தேடும்போது சனத்தின் சந்தேகம் எப்படித் தீரும்? மூவருக்கு அப்பால் இன்னும் யாருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்ததா என்பதுதான் இந்த வழக்கில் இன்றும் கேட்கத் தகுந்த கேள்வி.

கடைசியாக, சோமராம மட்டும் தூக்கில் ஏறியது எப்படி? இது சதியால் நடந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் விட்ட ஓட்டையால் நடந்தது. மரண தண்டனையை 1958இல் நிறுத்திவைத்தது பண்டாரநாயக்கவின் அரசாங்கமே. அவர் கொல்லப்பட்ட பிறகு, அடுத்துப் பிரதமரான தஹநாயக்கவின் அரசாங்கம் அவசர அவசரமாக அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஏற்கெனவே நடந்துவிட்ட கொலைக்கும் பொருந்தும்படி பின்னோக்கியும் எழுதினார்கள். எழுதும்போது 'கொலை' என்பதைச் சேர்த்தார்கள். 'கொலைச் சதி' அந்தப் பின்னோக்கிய விதிக்குள் வரவில்லை. சோமராம தண்டிக்கப்பட்டது கொலைக்காக. புத்தரக்கித்தவும் ஜயவர்தனவும் தண்டிக்கப்பட்டது சதிக்காக. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மூவரும் குற்றவாளிகள் என்ற தீர்ப்பைத் தொடவில்லை. சதிக்காரர் இருவரின் தண்டனையை மட்டும் ஆயுள் தண்டனையாக மாற்றியது. சோமராம 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். புத்தரக்கித்த 1967இல் சிறையிலேயே இறந்தார். ஜயவர்தன 1977இல் விடுதலையானார்.

மேன்முறையீட்டுத் தீர்ப்பு சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அச்சாகியிருக்கிறது. மட்டக்களப்பில் தெரிந்த சட்டத்தரணி யாரிடமாவது கேட்டால் எடுத்துத் தருவார். ஆங்கிலத்தில்தான் இருக்கும். பொறுமையாக அகராதியை வைத்துக்கொண்டு, கப்பல் கம்பனி பற்றி வரும் பகுதியை முதலில் படியுங்கள். அதைப் படித்த பிறகு அம்மப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். 1958ஐப் பற்றி அவர் நேரில் கண்டதையும் அப்போதே கேட்டுத் திகதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.